ஓநாய்க்குக் கட்டிய வட்டம்

என் நாத்தனாருடைய ஆடுகளை ஓநாய் தூக்கிக்கொண்டு போகிறது என்ற செய்தி அல்சூருக்கு வந்தபோது எனக்குக் கல்யாணமாகி ஒரு வருடம்கூட முழுதாக ஆகவில்லை. சுதந்திரம் வந்து சில வருடங்கள் ஓடியிருந்தன. நானும் என் வீட்டுக்காரரும் ஏரிக்குப் பக்கத்துச் சந்தில் ஒரே அறையுள்ள வீட்டில் குடியிருந்தோம். அவர் கண்டோன்மெண்டில் ஒரு ஒர்க்ஷாப்பில் ஃபிட்டர். நான் கோலார் தங்கவயலில் பிறந்தவள். என் அப்பா சுரங்கத்தில் மரம் முட்டுக்கொடுக்கும் வேலை பார்த்தவர். ஓநாயைப் பற்றி எங்கள் இருவருக்கும் தெரிந்ததெல்லாம் அது பார்க்க நாய்போல இருக்கும் என்பது மட்டும்தான்.

செய்தியைக் கொண்டுவந்தவர் சிவாஜிநகரில் கறிக்கடை வைத்திருந்த ஒரு பாய். ஆனேக்கல் பக்கம் போய் ஆடு பிடித்து வருவார். நாத்தனாரிடமும் வாங்குவார். சைக்கிளை விட்டு இறங்காமலே வாசலில் நின்றுகொண்டு சொன்னார்: "உங்க அக்கா குட்டிங்கள லாண்டகா தூக்கினு போவுது. அந்தம்மா சொல்லிட்டு வரச் சொல்லிச்சு."

"லாண்டகான்னா?" என்றார் இவர்.

"அதான் லாண்டகா. காட்டு நாய் மாதிரி. நாய் இல்லே."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி ஆனேக்கல் போய், அங்கிருந்து நடந்து நாத்தனார் வீட்டுக்குப் போனோம். அவள் புருஷன் இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. பிள்ளைகள் இல்லை. கல்லும் முள்ளுமான மேட்டில் ஓட்டு வீடு ஒன்று, பக்கத்தில் முள் அடைத்த பட்டி, அதற்குள் ஆடுகள். அதுதான் அவளுடைய உலகம். மனிதர்களிடம் அதிகம் பேச மாட்டாள். ஆடுகளைக் கூப்பிடும்போது மட்டும் அவள் குரல் அடுத்த மேடுவரை கேட்கும்.

அவளுக்குப் பக்கத்து நிலத்தில் மந்தை வைத்திருந்த ஒரு கன்னடக்காரர் இருந்தார். எங்களைப் பார்த்ததும் வந்து, கையை ஆட்டி ஆட்டி, "தோள, தோள" என்றார். இவர் தன் தோளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். ஆட்டின் தோளைக் கடித்ததா, அந்தக் கன்னடக்காரருடைய தோளையே கடித்துவிட்டதா என்று எங்களுக்குப் புரியவில்லை. நாத்தனார்தான், "தோளன்னா ஓநாய்டா தம்பி. கன்னடத்துல" என்றாள். ஒரே மிருகத்துக்கு மூன்று பெயர். இத்தனை பெயர் இருந்தும் அதை அருகில் நின்று பார்த்தவர்கள் யாரும் இல்லை. நாத்தனார் மட்டும் ஒரு தடவை விடியும் நேரத்தில் பார்த்திருந்தாள். கன்றுக்குட்டி உயரம், கறுத்த முதுகு, வாயில் குட்டி என்றாள்.

இவர் பட்டியைச் சுற்றி வந்தார். தரையில் கால்தடங்கள் இருந்தன. நாய்க் கால்தானே என்றேன் நான். இல்லை என்றார். எப்படிச் சொல்கிறீர்கள் என்று கேட்டேன். அவர் குனிந்தபடியே அடுத்த தடத்துக்கு நகர்ந்துவிட்டார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில், "நான் பொறி செய்யப் போறேன்" என்றார்.

அங்கிருந்துதான் என் குழப்பம் ஆரம்பித்தது. ஏனென்றால் கல்யாணமான நாளிலிருந்து அவர் திரும்பத் திரும்பச் சொன்ன ஒரே விஷயம், அக்காவை அந்த மேட்டில் தனியாக விடக்கூடாது, ஆடுகளை விற்றுவிட்டு நம்மோடு கூட்டிவந்துவிட வேண்டும் என்பதுதான். அவர் சொல்லும்போதெல்லாம் நான் எங்கள் ஒற்றை அறையை ஒருமுறை சுற்றிப் பார்ப்பேன். அடுப்பு ஒரு மூலை, பாய் ஒரு மூலை. இப்போது ஓநாய் வந்திருக்கிறது. அது இன்னும் கொஞ்சம் தொந்தரவு கொடுத்தால் அக்கா தானாகவே கிளம்பி வந்துவிடுவாள். பொறியில் ஓநாய் மாட்டினால் அக்கா அங்கேயே இருந்துவிடுவாள். அப்படியிருக்க இவர் ஏன் பொறி செய்கிறார்? கேட்டேன்.

"கஷ்டம்னு சொல்லி அனுப்பியிருக்கா. சும்மா இருக்க முடியுமா?" என்றார்.

"அப்புறம் அவங்க எப்படி வருவாங்க?"

"அது வேற விஷயம்" என்றார். எப்படி வேறு என்று எனக்குத் தெரியவில்லை. எனக்கோ அந்த ஓநாய் சீக்கிரம் பிடிபட்டால் நல்லது என்றிருந்தது. அதனால் அவர் பொறி செய்வதை நான் தடுக்கவில்லை.

முதல் பொறி ஒரு கூண்டு. ஒர்க்ஷாப்பில் கழித்துப் போட்ட இரும்புக் கம்பிகளைக் கேட்டு வாங்கிவந்தார். சாமான் வந்த மரப்பெட்டிகளைப் பிரித்துப் பலகை எடுத்தார். வாசல் பக்கம் தகரக் கதவு மேலிருந்து கீழே விழும். உள்ளே கொக்கியில் கறி. கறியை இழுத்தால் கொக்கி ஆணியை விடுவிக்கும், கதவு விழும். வாசலில் வைத்து அவர் விளக்குமாற்றுக் கட்டையால் உள்ளே குத்திக் குத்திக் கதவை விழவைத்தார். ஒவ்வொரு தடவையும் பக்கத்து வீட்டுக் குழந்தை வீறிட்டு அழுதது.

அதைப் பஸ்ஸின் தலையில் ஏற்றுவது பெரும்பாடாகிவிட்டது. கண்டக்டர், "ஏனு இது?" என்று கேட்டார். கோழிக்கூண்டு என்றார் இவர். கண்டக்டர் கம்பிகளைத் தட்டிப் பார்த்துவிட்டு, "கோழி எஷ்டு தொட்டது?" என்றார். எவ்வளவு பெரிய கோழி என்று கேட்கிறார். இவர் கயிற்றை இழுத்துக் கட்டினார். பின்சீட்டிலிருந்த ஒருவர் இதில் ஆளையே அடைக்கலாம் போலிருக்கிறதே என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார்.

கூண்டு நன்றாக வேலை செய்தது. முதல் நாளே கதவு விழுந்தது. உள்ளே ஒரு செவலை நாய் வாலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்ததாம். நாத்தனார் கதவைத் தூக்கி விட்டாள். மறுநாளும் அதே நாய். அதற்கடுத்த நாளும் அதே. கறியைத் தின்றுவிட்டு, கதவு விழுந்ததைப் பற்றிக் கவலைப்படாமல், யாராவது வந்து திறக்கும்வரை படுத்துத் தூங்கப் பழகிவிட்டது. ஓநாயோ கூண்டைச் சுற்றிக் கால்தடம் வைத்துவிட்டுப் பட்டிக்குள் போய்க் குட்டியைத் தூக்கியது. இதைப் பாய் வந்து சொன்னபோது இவர் சந்தோஷப்பட்டதைப் பார்த்து நான் திகைத்துப்போனேன். "பொறில தப்பு இல்ல பாரு. நாயைப் பிடிக்குது இல்ல?" என்றார்.

அடுத்து ஒரு பள்ளம். விடுமுறை போட்டுக்கொண்டு போய்த் தானே தோண்டினார். மேலே மூங்கில் பிளாச்சு, அதற்கு மேல் செத்தை, மண். பார்த்தால் தரை என்றுதான் தோன்றும். அவ்வளவு நேர்த்தியாக இருந்ததால் பக்கத்து நிலத்துக் கன்னடக்காரர் அதற்குள் விழுந்தார். இடுப்பில் அடி. கோபித்துக்கொள்வார் என்று பயந்தோம். அவரோ உள்ளே உட்கார்ந்தபடியே இன்னும் கொஞ்சம் ஆழம் வேண்டும் என்று ஏதோ சொன்னார், அல்லது இனிமேல் ஆழம் வேண்டாம் என்றாரோ, இன்றுவரை எங்களுக்குள் அதில் சண்டை உண்டு. பள்ளத்தை மூடிவிட்டோம்.

மூன்றாவது பொறி எப்படித் தோன்றியது என்பதைச் சொல்ல வேண்டும். ஒரு சனிக்கிழமை நாங்கள் இருவரும் சிவாஜிநகரில் சினிமாவுக்குப் போனோம். அந்தக் கொட்டகையில் தரை டிக்கெட்டுக்குப் போகும் வழி இரண்டு சுவர்களுக்கு நடுவே ஓர் ஆள் மட்டும் நுழையக்கூடிய சந்து. மேலே கம்பி வலை. நுழைந்தால் முன்னால்தான் போக முடியும். அது ஆண்கள் வரிசை என்பதால் நான் வெளியே நின்றுகொண்டிருந்தேன். பாதி வழியில் டிக்கெட் தீர்ந்துவிட்டது என்று பலகை மாட்டிவிட்டார்கள். உள்ளே இருந்தவர்களால் திரும்ப முடியவில்லை. பின்னாலிருந்தவர்கள் விஷயம் தெரியாமல் தள்ளிக்கொண்டே இருந்தார்கள். ஒருவழியாக எல்லோரும் கவுண்டர் வரைக்கும் போய், கையை வீசிக்கொண்டு அந்தப் பக்கமாக வெளியே வந்தார்கள். இவர் சட்டையில் ஒரு பொத்தான் இல்லை. ஆனால் முகம் பளபளவென்றிருந்தது.

"பின்னாடி திரும்ப முடியாட்டி எதுவும் முன்னாடிதான் போகும்" என்றார். நான் சினிமா போய்விட்டதே என்ற வருத்தத்தில் இருந்தேன். ஓநாயைப் பற்றிப் பேசுகிறார் என்று வீடு வந்து சேரும்வரை எனக்குத் தெரியாது.

வந்ததும் ஒர்க்ஷாப் சாக்பீஸை எடுத்துத் தரையில் ஒரு வட்டம் போட்டார். அதற்கு வெளியே இன்னொரு வட்டம். இரண்டுக்கும் நடுவே ஒடுக்கமான ஒரு பாதை. உள்வட்டத்தில் ஆட்டுக்குட்டி. வெளிவட்டத்தில் மட்டும் ஒரு கதவு, உள்பக்கமாகத் திறந்து பாதையின் ஒரு பக்கத்தை அடைத்துக்கொண்டு நிற்கும். ஓநாய் குட்டியின் வாசனைக்கு உள்ளே வரும். ஒரு பக்கம் கதவு மறிக்கிறது, ஆகவே மறுபக்கம் போகும். பாதை சுற்றிச் சுற்றிப் போய்க் கதவின் முதுகுக்கு வந்து சேரும். திரும்ப இடமில்லை. முன்னால் தள்ளும். கதவு சாத்திக்கொள்ளும். தன்னைத் தானே பூட்டிக்கொண்டு அது சுற்ற வேண்டியதுதான்.

எனக்கு முதல் தடவை புரியவில்லை. இரண்டாவது தடவையும் புரியவில்லை. அவர் ஒரு புளியங்கொட்டையை எடுத்து ஓநாய் என்று வைத்து, கோட்டுக்குள் நகர்த்திக் காட்டியபோதுதான் புரிந்தது. அதன்பின் பல நாள் அந்தக் கோடுகளைத் தாண்டித் தாண்டித்தான் சமைத்தேன். பெருக்கவும் விடவில்லை.

இரண்டு சந்தேகங்கள் இருந்தன. ஒன்று, பாதையின் அகலம். ஓநாயின் அகலம் தெரிந்தால்தானே அதைச் சொல்ல முடியும்? இவருடைய ஒர்க்ஷாப் அதிகாரியிடம் ஒரு சீமை நாய் இருந்தது, ஆளுயரத்துக்குக் காலைத் தூக்கும். இவர் அதைத் தடவிக்கொடுப்பதுபோல் குனிந்து நூலால் அளந்துகொண்டு வந்தார். இன்னொன்று, கதவு சாத்திக்கொண்ட பிறகு மறுபடி திறந்துவிட்டால்? தாழ்ப்பாள் தானாக எப்படி விழும்? அதற்கு என்னிடம் பதில் இருந்தது. சுரங்கத்துக்குள் காற்று போக வேண்டிய வழியில் போவதற்காகக் கதவுகள் வைத்திருப்பார்கள், அவற்றைக் கொஞ்சம் சாய்த்து மாட்டியிருப்பதால் தள்ளிவிட்டுப் போனால் தானே மூடிக்கொள்ளும் என்று என் அப்பா சொல்லியிருக்கிறார். அதைச் சொன்னேன். கதவைச் சாய்த்து மாட்டிவிட்டு, திறந்து நிற்கும்போது ஒரு கல்லை அண்டைகொடுத்தால், ஓநாய் தள்ளும்போது கல் உருளும், கதவு தன் பாரத்திலேயே போய்ச் சாத்திக்கொள்ளும். இவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "இத்தினி நாள் ஏன் சொல்லல?" என்றார். யாரும் கேட்கவில்லை என்றேன்.

சவுக்குக் கழிகளை நெருக்கமாக நட்டு, கற்றாழை நாரில் கட்டி, அந்த வட்டத்தை நாத்தனாரின் பட்டிக்குப் பக்கத்தில் எழுப்பினோம். கழுத்தளவு உயரம். கன்னடக்காரரும் கை கொடுத்தார். ஆனால் அதற்குப் பக்கத்தில் நடக்கும்போதெல்லாம் தரையைக் கைத்தடியால் தட்டிப் பார்த்துக்கொண்டே நடந்தார். நாத்தனார் கழி எடுத்துக் கொடுத்தாள். முடிந்ததும் சுற்றிப் பார்த்துவிட்டு, "இது அதுக்குப் புரியுமா?" என்று மட்டும் கேட்டாள்.

இவர் வேலைக்குத் திரும்ப வேண்டியிருந்தது. கதவுக்குக் கல் வைத்துச் சரிபார்க்க விஷயம் தெரிந்த ஒருவர் இருக்க வேண்டுமென்று என்னை அங்கே விட்டுவிட்டுப் போனார்.

நாத்தனாரோடு தனியாக இருப்பது எனக்கு முதலில் கஷ்டமாக இருந்தது. நாள் முழுக்கச் சேர்ந்தாற்போல் நான்கு வார்த்தை பேச மாட்டாள். சாயங்காலம் பொழுது இறங்கும்போது ஒரு குட்டியோடு பாதைக்குள் போய், உள்வேலிக்கு மேலாக அதை உள்வட்டத்தில் இறக்கிவிடுவாள். நேற்று வைத்த குட்டியை இன்று வைக்க மாட்டாள். ஏன் மாற்றுகிறீர்கள் அக்கா என்று கேட்டேன். "ஒண்ணையே வெச்சா அதுக்குத் தெரிஞ்சுடும்" என்றாள். ஓநாய்க்கா, குட்டிக்கா என்று எனக்கு விளங்கவில்லை. திரும்பக் கேட்கத் தயக்கமாக இருந்தது.

விடிந்ததும் நான் போய்ப் பார்ப்பேன். கல் வைத்த இடத்தில் கல், குட்டி இருந்த இடத்தில் குட்டி. ஒரு நாள் கல் உருண்டு கதவு சாத்தியிருந்தது. உள்ளே பழைய செவலை நாய். இப்படியே நாட்கள் போயின. எனக்கு உடம்பு ஒரு மாதிரியாக இருந்தது. ஆட்டு வாடை குமட்டியது. கேழ்வரகுக் களியைப் பார்த்தாலே எழுந்து ஓடிவிடலாமா என்றிருந்தது. வெயில் என்று நினைத்துக்கொண்டேன். நாத்தனார் என்னை ஓரக்கண்ணால் பார்ப்பாள். மோரில் உப்புப் போட்டுக் கொடுப்பாள். ஒரு நாள் கிணற்றடியில், "கடைசியா எப்ப தலைக்கு ஊத்தினே?" என்று கேட்டாள். வெள்ளிக்கிழமை என்றேன். அவள் சிரித்ததை அன்றுதான் முதல்முதலாகப் பார்த்தேன். ஏன் சிரிக்கிறாள் என்று தெரியாமல் நானும் சிரித்துவைத்தேன்.

அது மாட்டிய காலையில் நான் வேலியருகே போகும் முன்பே ஏதோ வித்தியாசம் தெரிந்தது. காய்ந்த செத்தையில் கால் படும் சத்தம். நின்று நின்று வரும் சத்தம் அல்ல, ஒரே சீராக வந்துகொண்டிருந்த சத்தம். கழிகளின் இடுக்கு வழியாகப் பார்த்தேன். புழுதி நிறத்தில் ஒன்று என்னைக் கடந்து போனது. கொஞ்ச நேரத்தில் மறுபடி கடந்து போனது. என்னைப் பார்க்கவே இல்லை. உள்வட்டத்துக் குட்டி கத்தி ஓய்ந்துபோய்த் தரையிலிருந்த புல்லைக் கடித்துக்கொண்டிருந்தது.

நான் ஓடிப்போய் நாத்தனாரைக் கூப்பிட்டேன். அவள் வந்து பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"இது இல்லே" என்றாள்.

"என்னக்கா இல்லே?"

"நான் பாத்தது இது இல்லே. அது இன்னா ஒசரம். இது இன்னா, இவ்ளோதான் இருக்கு."

உண்மைதான். விலா எலும்பு தெரிந்தது. கால்கள் மட்டும் நீளம். அதிகாரியின் சீமை நாயில் பாதிதான் இருக்கும். அதனால் பாதை அதற்குத் தாராளமாகவே இருந்தது. நினைத்தால் திரும்பியிருக்கலாம். அது ஏன் திரும்பாமல் ஒரே பக்கமாகச் சுற்றிக்கொண்டிருந்தது என்பது எனக்கு அன்றும் புரியவில்லை.

கன்னடக்காரர் வந்தார். குனிந்து பார்த்த உடனே, "தோளானே" என்றார். "ஹெண்ணு." பொட்டை ஓநாய் என்று அர்த்தம். அதற்குள் ஆடு பிடிக்க வந்த பாயும் வந்து சேர்ந்தார். அவர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"இது லாண்டகா இல்லம்மா. நாய்தான். நான் எத்தினி லாண்டகா பாத்திருக்கேன்."

"எங்கே பாத்தே?" என்றாள் நாத்தனார்.

"எங்க ஊர்ல. சின்ன வயசுல."

"நாயி அல்ல" என்றார் கன்னடக்காரர். பாய் உருதுவும் தமிழும் கலந்து பேச, அவர் கன்னடத்தில் பதில் சொல்ல, இருவரும் மற்றவர் சொல்வது புரிந்த மாதிரியே வெகுநேரம் வாதாடினார்கள். நாய் என்றால் ஏன் குரைக்கவில்லை என்று கன்னடக்காரர் கேட்டார். ஓநாய் என்றால் ஏன் சீறவில்லை என்று பாய் கேட்டார். இரண்டு கேள்வியும் நியாயமாகத்தான் எனக்குப் பட்டன.

அப்போதுதான் ஒரு விஷயம் உறைத்தது. பிடிப்பதைப் பற்றி மாதக்கணக்கில் பேசினோமே தவிர, பிடித்த பிறகு என்ன செய்வது என்று என் வீட்டுக்காரர் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. தரையில் வரைந்த படத்தில் புளியங்கொட்டை சுற்றுவதோடு எல்லாம் முடிந்துவிட்டது. அவரோ பெங்களூரில் வேலையில் இருக்கிறார். எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள், பொறிக்காரன் பெண்டாட்டி என்பதால். "முதல்ல குட்டியை எடுத்துடலாம்" என்றேன்.

அதையும் நாங்கள் யோசித்திருக்கவில்லை. உள்வட்டத்துக்குக் கதவே கிடையாது. வெளியிலிருந்து கையை நீட்டினால் எட்டாது. தினமும் குட்டியை இறக்கப் போகும் பாதையில் இப்போது அது சுற்றுகிறது. கன்னடக்காரர் பக்கத்து ஊரில் பட்டாளத்திலிருந்து திரும்பியிருந்த ஒருவரிடம் துப்பாக்கி இருக்கிறதென்று அவரைக் கூப்பிடப் போனார். அவர் வரட்டும், அதுவரை குட்டி அங்கேயே இருக்கட்டும் என்றார் பாய்.

நாத்தனார் சேலையை இடுப்பில் செருகினாள். அது அந்தப் பக்கம் போகும்வரை காத்திருந்தாள். பிறகு வெளிவேலியில் ஏறி, உள்வேலிக் கழியைப் பிடித்து, பாதைக்கு மேலாக ஒரே எட்டில் தாண்டி உள்ளே குதித்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது அவள் வட்டத்தின் நடுவில் குட்டியைத் தூக்கிக்கொண்டு நின்றிருந்தாள். அது அவளைச் சுற்றி நடந்துகொண்டிருந்தது.

"குட்டியக் குடுங்க, ஏறி வாங்கக்கா" என்றேன்.

"இரு" என்றாள்.

அவள் வரவில்லை. அது போகும் பக்கமெல்லாம் தானும் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி நின்றாள். பாய், "இன்னாம்மா இது, வாம்மா" என்று இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டு வெற்றிலை போடத் தள்ளிப் போய்விட்டார். வெயில் ஏறியது. கொஞ்ச நேரம் கழித்து அது நடையை நிறுத்தி, முன்னங்காலை நீட்டிப் படுத்துக்கொண்டது. அடிவயிற்றில் பால் வற்றிய காம்புகள் தெரிந்தன. எப்போதோ குட்டி போட்டிருக்கிறது. நாத்தனாரும் தரையில் உட்கார்ந்தாள். இருவரும் கழி இடுக்கில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவள் முகத்தில் கோபமா இரக்கமா என்று கண்டுபிடிக்க நான் மிகவும் முயன்றேன். இரண்டும் இல்லை. சந்தையில் தெரிந்த முகத்தைப் பார்த்துவிட்டு யார் என்று நினைவுக்கு வராதபோது பார்ப்போமே, அப்படிப் பார்த்தாள்.

பட்டாளத்துக்காரர் மத்தியானம் வந்தார். நாத்தனாரை வெளியே வரச் சொன்னார். வந்தாள். குட்டியை என் கையில் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய் அடுப்பு மூட்டினாள். நான் குட்டியைத் தூக்கிக்கொண்டு பட்டியின் அந்தப் பக்கம் போனேன். ஒரு வேட்டுச் சத்தம் கேட்டது. என் கையிலிருந்த குட்டி துள்ளியது. அவ்வளவுதான். அதை எங்கே கொண்டுபோய்ப் புதைத்தார்கள் என்று நான் கேட்கவில்லை. அது நாய்தான் என்று பாய் போகும்போதும் சொல்லிக்கொண்டே போனார்.

சனிக்கிழமை என் வீட்டுக்காரர் வந்து சேர்ந்தார். சேதி கேட்டதும் முதலில் குதூகலம். பிறகு தன் கண்ணால் பார்க்க முடியவில்லையே என்று ஒரே புலம்பல். எப்படி நடந்தது, எந்தப் பக்கமாகச் சுற்றியது, கதவுக்குப் பக்கத்தில் வரும்போது நின்றதா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நான் சொல்லச் சொல்ல அவருக்குத் திருப்தி வரவில்லை.

"காட்டு" என்றார் மறுநாள் காலையில்.

"எதை?"

"உள்ள போய் நடந்து காட்டு. நான் வெளியேருந்து பாக்கறேன்."

நான் உள்ளே போனேன். சீமை நாயின் அகலத்துக்குக் கட்டியது. பக்கவாட்டில் உடம்பை ஒடுக்கிக்கொண்டுதான் நடக்க முடிந்தது. இரண்டு பக்கமும் கழிகள். அவற்றில் அங்கங்கே புழுதி நிற மயிர் ஒட்டியிருந்தது. கதவின் முதுகுக்கு வந்து தள்ளினேன். கல் உருண்டது. கதவு போய்ச் சாத்திக்கொண்டது. அப்பா சொன்னது போலவே, துளி சத்தம் இல்லாமல். மேலே நடந்தேன். கழிகளுக்கு வெளியே அவருடைய வெள்ளைச் சட்டை துண்டு துண்டாகத் தெரிந்தது. "வேகமாவா, மெதுவாவா?" என்று கேட்டார். நினைவில்லை. எந்த இடத்தில் நுழைந்தேன் என்பதும் கொஞ்ச நேரத்தில் நினைவில்லாமல் போயிற்று. கதவும் கழியும் ஒரே மாதிரி இருந்தன. அந்த மிருகத்தின் வாடை இன்னும் தரையில் இருந்தது. எனக்குத் தலை சுற்றியது. உள்வேலியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே வாந்தி எடுத்தேன்.

கதவைத் திறந்துகொண்டு வந்தவள் நாத்தனார். என் நெற்றியைத் தன் உள்ளங்கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டாள். அவள் கையில் ஆட்டு வாடைதான் அடித்தது, ஆனால் அந்த நேரத்தில் அது குமட்டவில்லை. அப்படிப் பிடித்துக்கொண்டே, வேலிக்கு வெளியே நின்றிருந்த தம்பியிடம், "ஆடுங்கள வித்துடறேன். நான் உங்களோட பெங்களூருக்கு வர்றேன்" என்றாள்.

இவருக்கு ஒன்றும் ஓடவில்லை. "அதான் ஓநாய் செத்துப்போச்சே அக்கா" என்றார்.

"அதுக்கு?" என்றாள் அவள்.

ஆடுகளைப் பாய் வாங்கிக்கொண்டார். பட்டியையும் வட்டத்தையும் கன்னடக்காரர் எடுத்துக்கொண்டார். நாத்தனார் ஒரு தகரப் பெட்டியோடும் அம்மிக்குழவியோடும் அல்சூருக்கு வந்தாள். அம்மி அங்கேயே இருக்கட்டும், குழவி போதும் என்றாள். ஏன் என்று கேட்கும் தெம்பு எங்களுக்கு இல்லை.

எனக்குப் பிள்ளை உண்டாகியிருக்கிறது என்று ஆஸ்பத்திரி நர்ஸ் சொன்னது அதற்குப் பிறகுதான். அப்போதுதான் கிணற்றடிக் கேள்விக்கு அர்த்தம் விளங்கியது. எனக்காகத்தான் அவள் வந்தாள் என்று இவர் முடிவு கட்டிவிட்டார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த மிருகத்தோடு வட்டத்துக்குள் உட்கார்ந்திருந்தபோதே ஏதோ நடந்துவிட்டது என்று எனக்குப் பட்டது. அவளோ, பக்கத்து வீட்டுக்காரியிடம் முழங்கால் வலி என்றாள். பாயிடம் கிணறு வற்றிவிட்டது என்றாள். கோயிலில் பழக்கமான ஒருத்தியிடம் தம்பி வற்புறுத்திக் கூட்டிவந்துவிட்டான் என்றாள். என்னிடம் எதுவும் சொல்லவில்லை.

மார்க்கெட்டில் கீரைக் கூடை வைத்தாள். என் மகளைக் குளிப்பாட்டியது, தூங்கவைத்தது, பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போனது எல்லாம் அவள்தான். அந்த ஒற்றை அறையில் நான்கு பேர் எப்படிப் படுத்தோம் என்று இப்போது நினைத்தால் கணக்கு சரியாக வரவில்லை. ஆனால் இடம் போதவில்லை என்று யாரும் சண்டை போட்டதாக நினைவில்லை.

மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு ஒரு நாள், அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருக்கும்போது நேராகவே கேட்டுவிட்டேன். "அக்கா, அன்னிக்கு ஏன் வர்றேன்னு சொன்னீங்க? ஓநாயைப் பாத்ததாலயா, எனக்காகவா?"

அவள் முறத்தைத் தட்டி நிறுத்தினாள். யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள் என்பது எனக்குத் தெரிந்தது.

"எனக்கு எப்படித் தெரியும்?" என்றாள். "வாயில வந்துடுச்சு. சொன்னப்புறம் மாத்திப் பேசறதா?"

பிறகு முறத்தை என் பக்கம் தள்ளி, உனக்குக் கண் நன்றாகத் தெரியும், நீயே பார் என்று சொல்லிவிட்டுக் கீரைக் கூடையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள்.